சுற்றிலும் அரை அங்குலம்

மரக்கடையில் மாஸ்டர் பலகையைக் கிள்ளிப் பார்த்தார். தையல் தொழிலில் ஊறிப்போன கை. எதைக் கொடுத்தாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துக் கசக்கிப் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். பலகை கசங்கவில்லை. அடுத்து அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. ரொம்ப நேரமாகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற கடைக்காரர், "சாயம் போகாது மாஸ்டர், அதுக்கு நான் கேரண்டி" என்றார். கழுத்தில் அளவு டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டே மரம் வாங்க வருகிறவரை மாஸ்டர் என்று கூப்பிட யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை.

இடது கையில் இருந்தது தேவதாரு. சிவப்பு, நல்ல வாசனை, தூக்கினால் எடையே தெரியவில்லை. ஆனால் நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. வலது கையில் பைன். வெளிறிய நிறம், கொஞ்சம் கனம், அடி தாங்கும். ஆனால் அங்கங்கே கணு. கணு இருக்கிற இடத்தில் வளைத்தால் பட்டென்று போய்விடுமாம். "லேசா இருக்கணும் மாமா, ஏரி வரைக்கும் தோள்ல தூக்கிட்டுப் போகணுமே" என்றார் மாப்பிள்ளை. "பலமாவும் இருக்கணுமே" என்றார் மாஸ்டர். "ஆமா, பலமாவும் இருக்கணும்" என்று மாப்பிள்ளை தலையாட்டினார். இதே பேச்சைப் போன ஞாயிற்றுக்கிழமையும் பேசினார்கள், அதற்கு முந்தின வாரமும் பேசினார்கள். துணிக்கடையில் பட்டுக்கும் பருத்திக்கும் நடுவே நின்று முழிக்கிற வாடிக்கையாளர்களை மாஸ்டர் மனசுக்குள் எவ்வளவு கேலி செய்திருப்பார்! இப்போது அவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று தன்னைப் பார்ப்பதுபோல் அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"எத்தனை பேரு போற படகு?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஒருத்தருதான். துடுப்புப் போட்டுப் போற கயாக்" என்றார் மாப்பிள்ளை.

"இவரு உங்க பையனா மாஸ்டர்?"

"மாப்பிள்ளை" என்றார் மாஸ்டர். சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. பக்கத்தில் நின்றவர் பைன் பலகையின் கணு ஒன்றை மிகுந்த அக்கறையோடு ஆராயத் தொடங்கினார்.

"மாமனாரும் மாப்பிள்ளையும் இவ்வளவு ஒத்துமையா கடைக்கு வந்து நான் பார்த்ததே இல்ல. உங்க பொண்ணு குடுத்து வச்சவங்க" என்றார் கடைக்காரர். இரண்டு பேரும் சிரித்து வைத்தார்கள். என்ன செய்வது, அவரிடம் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

உண்மையில் அவர் இப்போது மாப்பிள்ளை இல்லை. கோடைத் தொடக்கத்தில் கோர்ட்டில் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கும் முந்தின மழைக்காலத்திலேயே மாஸ்டரின் மகள் இரண்டு பைகளோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். குடி இல்லை, அடி இல்லை, வேறு ஆள் சமாச்சாரமும் இல்லை. மாஸ்டர் மகளையும் மருமகனையும் தனித்தனியே உட்காரவைத்து வாயைப் பிடுங்கிப் பார்த்தார். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டதுபோல ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "ஒத்து வரல." இடுப்பில் பிடிக்கிறதா, தோளில் இறங்குகிறதா என்று சொன்னால் சரிசெய்யலாம். சும்மா ஒத்து வரவில்லை என்றால் எங்கே என்று பிரித்துப் பார்ப்பது? கேட்டுக் கேட்டு மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

அதைவிடப் பெரிய குழப்பம், அதற்குப் பிறகும் அந்த மனிதரை அவருக்குப் பிடித்திருந்தது. மாப்பிள்ளைக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. கல்யாணமான புதிதில் ஒருநாள் கயாக் வரைபடம் ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்து மாமனார் வீட்டுத் தரையில் விரித்தார். மெல்லிய மரப் பட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்கிற படகு. "நாள் பூரா மேல கீழன்னே போய்ட்டு வரேன் மாமா. ஒரு நாளாவது நேரா போகணும்" என்றார். மாஸ்டர் அன்று வயிறு குலுங்கச் சிரித்தார். சேர்ந்து செய்யலாம் என்று அன்றே முடிவாயிற்று. அப்புறம் வேலை, வீடு மாற்றல், மழை, வெயில் என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் முடிந்து, ஒரு சம்பந்தமும் இல்லை என்று ஆன பிறகு ஒருநாள் மாப்பிள்ளை தையல் கடை வாசலில் வந்து நின்றார். ஒரு கார் ஷெட் வாடகைக்குப் பிடித்திருப்பதாகச் சொன்னார். "நீங்க வரணும்னு இல்ல மாமா, சும்மா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். மாஸ்டர் அந்த ஞாயிறே போய்விட்டார்.

"இனிமே தம்பின்னு கூப்பிடுங்க" என்றாள் மாஸ்டரின் மனைவி. அவளுக்கு எல்லாம் தெரியும். தெரியாததுபோல் இருப்பதில் கைதேர்ந்தவள். "முந்தா நாள் வரைக்கும் மாப்பிள்ளை, இன்னைக்குத் தம்பியா? நாக்கு புரள வேணாமா?" என்றார் மாஸ்டர். ஒருமுறை ஷெட்டில் துணிந்து "தம்பி" என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை யாரோ வந்துவிட்டார்கள் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். அதோடு மாஸ்டர் அதைக் கைவிட்டார்.

மரக்கடையில் கடைசியில் தேவதாருதான் ஜெயித்தது. மாஸ்டர் பலகையின் விளிம்பை மூக்குக்கு நேரே வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். ரேகை இந்த முனையில் தொடங்கி அந்த முனைவரை வளையாமல் ஓடியது. "நூலோட்டம் நேரா இருக்கு. இதையே எடுத்துடுவோம்" என்றார். பக்கவாட்டில் ஒரு கோடு வெளுப்பாக வரட்டும் என்று கணு இல்லாத பைன் கொஞ்சம். எல்லாவற்றையும் விரல் அகலத்துக்கு நீள நீளமாக அறுத்துக் கட்டித் தந்தார்கள். கடைக்காரர் அவற்றை ரீப்பர் என்றார், மாஸ்டருக்கு அவை பட்டிதான், சட்டைக்குப் பொத்தான் பட்டி மாதிரி. வண்டியில் ஏற்றும்போதே அவருக்கு மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது. "பைனே வாங்கியிருக்கலாமோ மாப்பிள்ளை?" மாப்பிள்ளை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கருவிகள் வாங்கப் போன இடத்திலும் இதே கூத்து. மரம் சீவுகிற இழைப்புளியிலேயே உள்ளங்கையில் அடங்குகிறது ஒன்று, முழங்கை நீளத்தில் ஒன்று, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து வளைவுகளுக்கென்றே ஒன்று. மாஸ்டர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார், திருப்பினார், வைத்தார், மறுபடி முதலாவதை எடுத்தார். வாழ்நாள் முழுக்க ஒரே கத்திரிக்கோலோடு காலம் தள்ளியவருக்கு இத்தனை வாய்கள் இத்தனை விதமாக மரத்தைக் கடிக்கும் என்பதே ஆச்சரியம். இழுத்தால் மட்டும் அறுக்கிற மெல்லிய ரம்பம் ஒன்றைத் தள்ளிப் பார்த்து வளைத்துவிட்டு, கடைப்பையனைப் பார்த்து அசடு வழிந்தார். சின்ன இழைப்புளி, இழுக்கிற ரம்பம், ஸ்டேப்ளர் துப்பாக்கி, ஒட்டியதை இறுக்கிப் பிடிக்க அள்ளிக்கொள்கிற அளவுக்குக் கிளாம்புகள் என்று மாப்பிள்ளைதான் முடிவுசெய்தார். படகின் மேல் கடைசியில் போர்த்துகிற கண்ணாடி இழைத் துணியைப் பார்த்தபோது மட்டும் மாஸ்டர் முகம் மலர்ந்தது. "இதை எங்கிட்ட விடுங்க, இது என் டிபார்ட்மெண்ட்" என்றார்.

இன்னொன்றிலும் அவருக்குக் குழப்பமே இருக்கவில்லை. பட்டிகளை வளைத்து ஒட்டுவதற்கு உள்ளே அச்சுப் பலகைகள் வேண்டும். படகைக் குறுக்கே துண்டு துண்டாக வெட்டினால் என்ன வடிவம் வருமோ, அந்த வடிவத்தில் ப்ளைவுட் பலகைகள். அவற்றை வரிசையாக நிறுத்தி, மேலே பட்டிகளை ஒட்டி, காய்ந்த பிறகு அச்சுகளை உருவிவிட வேண்டியதுதான். காகித வரைபடத்தைப் பலகையின் மேல் வைத்து வரைந்து வெட்டுகிற வேலையை மாஸ்டர் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். கடை சாத்தியிருக்கிற மதியங்களில் வெட்டு மேசையின் மேல் ப்ளைவுட்டைப் போட்டு, சாக்கட்டியால் வளைவை ஒரே இழுப்பில் இழுத்து, மின்ரம்பத்தால் அறுத்தெடுத்தார். ஒரு பிசிறு இல்லை. மாப்பிள்ளை முதல் பலகையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "சூப்பர் மாமா" என்றார். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மாஸ்டருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

மகளிடம் அவரை மாட்டிவிட்டது அவர் சட்டைதான். துவைக்கப் போட்டதை எடுத்து உதறியவள், பையிலிருந்து உதிர்ந்த சிவப்பு மரத்தூளைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க மற்றவர்களின் மருந்துச் சீட்டைப் படித்துப் படித்து, எதையும் உரத்துக் கேட்காமல் புரிந்துகொள்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. அன்று சாயங்காலம் அப்பாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை எங்க போறீங்கன்னு எனக்குத் தெரியும்பா."

மாஸ்டர் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துச் சுருட்டத் தொடங்கினார்.

"அவர் கெட்டவர்னு நான் சொல்லல. நீங்க பேசக் கூடாதுன்னும் சொல்லல. ஆனா நான் வேணாம்னு வந்த இடத்துக்கு நீங்க வாராவாரம் போறீங்க. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? பொண்ணு மேலதான் தப்பு போல, அப்பாவே அந்தப் பக்கம் நிக்கிறார்னு நினைக்க மாட்டாங்களா?"

"பார்க்கிறவங்கள விடும்மா."

"சரி, விட்டுடறேன்." அவள் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கே அப்படித்தான்பா தோணுது."

மகள் சொல்வது நியாயம். ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது. அவள் எழுந்து போன பிறகு ஷெட்டையும், மாப்பிள்ளை குனிந்து பட்டிகளை அடுக்குவதையும், இரண்டு பேரும் ஆளுக்கொரு டீயை வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பதையும் நினைத்துப் பார்த்தார். அதிலும் தப்பு எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டும் சரியாக இருந்தால் மனுஷன் எதைத்தான் விடுவது? மறுநாள் மகளிடம், "பாப்பா, இந்த ஞாயிறு ஒண்ணு மட்டும். இனிமே வரலைன்னு போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்" என்றார். அவள் தலையசைத்தாள். ஆனால் போன இடத்தில் வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறும் அதே வார்த்தையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு போய் அப்படியே திரும்பினார். மகள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு, இன்று சொல்லிவிடுவது என்று தீர்மானமாகத்தான் கிளம்பினார். மாப்பிள்ளை முந்தின நாளே அச்சுகளை நீளமான மேடையில் வரிசையாக நிறுத்தி முடித்திருந்தார். கவிழ்ந்து கிடக்கிற படகின் வடிவம் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரிந்தது. அடிவிளிம்பில் முதல் பட்டிகளும் ஏறியிருந்தன. ஒவ்வொரு பட்டியும் மூன்று ஆள் நீளம், காற்றடித்தால் துவளும். ஒரு முனையைத் தொங்கவிட்டால் தன் எடையிலேயே முறிந்துவிடும். அதனால் ஒரு முனையை விட்டத்திலிருந்து தொங்குகிற கயிற்று வளையத்தில் மாட்டி, மறுமுனையை மாஸ்டர் பிடித்துக்கொள்ள, மாப்பிள்ளை நடுவில் நின்று ஸ்டேப்ளரால் ஒவ்வோர் அச்சிலும் அடித்துக்கொண்டு போக வேண்டும். சரி, இந்தப் பட்டி முடியட்டும், சொல்லிவிடலாம் என்று மாஸ்டர் நினைத்தார். முடிந்தது. இன்னொன்று முடியட்டும் என்று நினைத்தார்.

அந்த இன்னொன்று முனைக்கு வந்து சேரவில்லை. வரைபடத்தின்படி ஒரு விரற்கடை மிஞ்ச வேண்டிய பட்டி குட்டையாக நின்றது. மாஸ்டர் கழுத்திலிருந்து டேப்பை உருவினார். நடு அச்சின் அகலத்தை அளந்தார், சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தார், மறுபடி அளந்தார். அடுத்த அச்சு. அதற்கடுத்தது. ஒவ்வொன்றிலும் இந்தப் பக்கம் அரை அங்குலம், அந்தப் பக்கம் அரை அங்குலம், மேலேயும் அரை அங்குலம் கூடுதல். அவருக்குக் காது சூடாகிவிட்டது. தையலுக்கு விட்டிருக்கிறார். யாரும் விடச் சொல்லவில்லை, அவரும் விட வேண்டும் என்று நினைக்கவில்லை. சாக்கட்டியை எடுத்ததும் கை தானாக அளவுக்கு வெளியே அரை அங்குலம் தள்ளிக் கோடு போட்டிருக்கிறது. நாளைக்கு உடம்பு பெருத்தால் பிரித்துக்கொள்ளலாம் என்று எல்லாருக்கும் விடுகிற அரை அங்குலம். மரத்தில் எதைப் பிரிப்பது?

"மாப்பிள்ளை, மோசம் போயிட்டேன். சுத்திலும் அரை இஞ்ச் கூட வெட்டியிருக்கேன்."

"தெரியும் மாமா."

"எப்போ தெரியும்?"

"முதல் பலகை கொண்டு வந்தீங்களே, அன்னைக்கே."

"அப்பவே சொல்றதுக்கு என்ன? சூப்பர்னு வேற சொன்னீங்க!"

மாப்பிள்ளை ஸ்டேப்ளரைத் திறந்து, உள்ளே நிறைய ஊசி இருந்தும் இன்னும் கொஞ்சம் போட்டார். "சொன்னா எல்லாத்தையும் புதுசா வெட்டணும்னு நிப்பீங்க. இன்னும் ரெண்டு மூணு மாசம் வருவீங்க. வீட்ல அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல. அதான், சீக்கிரம் முடியட்டும்னு விட்டுட்டேன். கொஞ்சம் பெருசா இருந்தா என்ன மாமா, மிதக்கத்தானே போகுது."

மாஸ்டர் டேப்பைச் சுருட்ட மறந்து நின்றார். சொல்ல வந்ததை எதிராளியே சொல்லிவிட்டார், அதுவும் கோபமில்லாமல். இதற்கு மேல் தான் சொல்ல என்ன இருக்கிறது? நிம்மதியாக இருக்க வேண்டும், ஆனால் அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது. மகளுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று இவர் யோசிக்கிறார். இவர் கெட்டவர் இல்லை என்று அவள் சொல்கிறாள்.

"இவ்வளவு யோசிக்கிறீங்களே. அப்புறம் என்னதான் ஆச்சு உங்க ரெண்டு பேருக்கும்?"

மாப்பிள்ளை ஸ்டேப்ளரைக் கீழே வைத்தார். "அது எனக்கும் சரியாப் புரியல மாமா." பிறகு பசைப் பாட்டிலைக் கையில் எடுத்தார். "இன்னொரு பட்டி போடலாமா? குட்டையா போனா முனையில ஒட்டுப் போட்டுக்கலாம்."

போட்டார்கள். வேறு என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. விளிம்பு நெடுக மாப்பிள்ளை பசையை இழுத்தார். ஒரு முனையைக் கயிற்றில் மாட்டி, நடுவில் பொருத்தி, முதல் ஸ்டேப்ளை அடித்தார். மாஸ்டர் தன் முனையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது, ஷெட்டின் திறந்த கதவில் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஸ்கூட்டர் வந்த சத்தம்கூட இவர்களுக்குக் கேட்கவில்லை. கையில் ஹெல்மெட். முகத்தைப் பார்த்ததுமே மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. அப்பாவால் சொல்ல முடியாததை நேரில் சொல்லிவிட்டுப் போகவே வந்திருக்கிறாள். வார்த்தைகளை வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். மாப்பிள்ளையும் திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் கயிற்று முடிச்சு நழுவியது. கதவுப் பக்கத்து முனை சடாரென்று கீழே இறங்கியது. நடுவில் அடித்த ஒற்றை ஸ்டேப்ளில் பட்டி வில்லாக வளைந்து முனகியது.

"பிடி!" என்று கத்தினார் மாப்பிள்ளை.

ஹெல்மெட் தரையில் உருண்டது. அவள் இரண்டு எட்டில் ஓடிவந்து, முனை தரையைத் தொடுவதற்குள் இரு கையாலும் ஏந்திப் பிடித்துவிட்டாள். பட்டி ஒருமுறை நெடுகத் துள்ளி, அடங்கியது. முறியவில்லை. கோர்ட்டில் முடிந்த நாளிலிருந்து இன்றுவரை அந்த இரண்டு பேருக்குள் பேச்சே கிடையாது என்பது மாஸ்டருக்குத் தெரியும்.

"இன்னும் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிங்க" என்றார் மாப்பிள்ளை, இப்போது மெதுவாக.

"எவ்வளவு மேல?"

"தோள் உயரத்துக்கு. முறுக்காம."

"கீழ வைக்கக் கூடாதா?"

"பசை போட்டாச்சு."

அவள் தோள் உயரத்துக்குத் தூக்கினாள். தேவதாருத் தூள் அவள் முடியில் உதிர்ந்தது. அதைத் தட்டிவிட அவளுக்குக் கை இல்லை. மாப்பிள்ளை நடுவில் ஸ்டேப்ளரோடு நின்று இந்தப் பக்கம் மாஸ்டரைப் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு மாஸ்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்து அச்சுகளில் அடிக்கத் தொடங்கினார். டக். ஒரு அச்சு தள்ளி, டக். போகப் போக அவருடைய தோள் மகளின் முகத்தை மறைத்தது. இரண்டு பேரும் ஏதாவது பேசுகிறார்களா, இல்லையா என்பது இங்கிருந்து கேட்கவில்லை. போய்ப் பார்க்கலாம் என்றால் இந்த முனையை விட முடியாது. மாஸ்டர் விரல்களை இறுக்காமல், தளர்த்தாமல் வைத்துக்கொண்டு நின்றார். அத்தனை நீளத்தையும் கடந்து பட்டியில் மெல்லியதாக ஒரு நடுக்கம் அவர் கைக்கு வந்துகொண்டே இருந்தது. அது யாருடைய கையிலிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை.